அயலார் துயரும் உள்ளூர்ச் சங்கமும்



1984 ஜூலை 19 அன்று, அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், ஹென்றி தெருவில் இருந்த டன்ஸ் ஸ்டோர்ஸ் அங்காடியில், கல்லாவில் உட்கார்ந்திருந்த 21 வயதுப் பெண் ஒருவர் இரண்டு பழங்களுக்குப் பில் போட மறுத்தார். நம்மூர்ப் பம்பளிமாசுக்கு உறவான கிரேப் ஃப்ரூட் பழங்கள் அவை. 'அவுட்ஸ்பான்' என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவை. மேரி மானிங் என்ற அந்தப் பெண்ணை நிர்வாகம் பணியிடை நீக்கம் செய்தது. உடன் வேலை பார்த்தவர்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சிறு கூட்டம் அவரோடு வெளியே வந்து கடை வாசலில் மறியலில் நின்றது. சங்கம் கொடுத்த வாரம் 21 பவுண்டில் வாடகையும் சாப்பாடும் பார்த்துக்கொண்டு, மழையிலும் குளிரிலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நின்றார்கள். 1984 டிசம்பரில் நோபல் பரிசு வாங்கப் போகும் வழியில் தென்னாப்பிரிக்க ஆயர் டெஸ்மண்ட் டூட்டு அவர்களைச் சந்தித்தார். 1987-இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதிக்குத் தடை விதித்தது. சிறையிலிருந்து வெளிவந்த நெல்சன் மண்டேலா 1990-இல் டப்ளினுக்கு வந்தபோது அந்தத் தொழிலாளர்களைத் தேடிச் சந்தித்தார்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோகும் ஒரு விவரம்தான் இன்றைய என் பேச்சுக்கு அடிப்படை. மறியலில் நின்றவர்களுக்கு, அன்று காலை வரை, தென்னாப்பிரிக்க நிறவெறி பற்றி அதிகம் தெரியாது. இதைப் பின்னாளில் அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கப் பொருள்களைத் தொடுவதில்லை என்று அவர்களுடைய தொழிற்சங்கம் மாநாட்டில் தீர்மானம் போட்டிருந்தது; சங்கம் சொன்னதை உறுப்பினர்கள் செய்தார்கள், அவ்வளவுதான். மறியல் தொடங்கிய பிறகு நிம்ராட் செஜாகே என்ற தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கத் தலைவர், நாடு கடந்து டப்ளினில் வாழ்ந்தவர், தினமும் வந்து அவர்கள் பக்கத்தில் நின்று தன் நாட்டில் நடப்பதை எடுத்துச் சொன்னார். அறிவும் ஆவேசமும் அதற்குப் பிறகு வந்தவை. முதலில் இருந்தது சங்கம். சங்கம் தீர்மானம் போட்டதற்கும் காரணம் உண்டு: அயர்லாந்தில் 1964-இலேயே நிறவெறி எதிர்ப்பு இயக்கம் தொடங்கப்பட்டு, டிரினிட்டி கல்லூரியில் சட்டம் கற்பித்த காதர் அஸ்மல் என்ற தென்னாப்பிரிக்க இந்தியரின் தலைமையில் இருபது ஆண்டுகளாகத் தொழிற்சங்கங்களிடமும் திருச்சபைகளிடமும் போய்ப் பேசிக்கொண்டிருந்தது.

அதே 1987-இல் உலகத்தின் இன்னொரு மூலையைப் பாருங்கள். அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவோடு மிக அதிகமாக வணிகம் செய்த நாடு ஜப்பான். நிறவெறி அரசு ஜப்பானிய வணிகர்களுக்குக் 'கௌரவ வெள்ளையர்' என்ற தகுதியை அளித்திருந்தது. ஒரு தன்மானமுள்ள சமூகத்தைக் கொதிக்க வைக்க அது ஒன்றே போதும் என்று நாம் நினைப்போம். அயர்லாந்தைவிடப் பல மடங்கு பெரிய, செல்வம் மிகுந்த, எழுத்தறிவு நிறைந்த நாடு. தென்னாப்பிரிக்காவின் குடுமி யார் கையில் இருந்ததோ அவர்கள் நாடு. அங்கேயும் நிறவெறி எதிர்ப்புக் குழுக்கள் 1960களிலிருந்து இருந்தன. உறுதியானவர்கள், ஆனால் சிலர். தெருவை நிறைக்கும் இயக்கமாக அது மாறவே இல்லை. பிரான்சிலும் ஏறக்குறைய இதே நிலை. தென்னாப்பிரிக்காவுக்கு மிராஜ் போர் விமானங்களை விற்ற நாடு, கூபர்க் அணுமின் நிலையத்தைக் கட்டிக்கொடுத்த நாடு. எதிர்ப்பு இயக்கமோ கட்சிவாரியாகப் பிரிந்து சிறுத்துக் கிடந்தது. நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் பாரிஸ் பிரதிநிதி டல்சி செப்டம்பர் 1988 மார்ச்சில் தன் அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் இந்த நிலை பெரிதாக மாறவில்லை.

எல்லை கடந்த போராட்டங்களில் ஒரு நாட்டு மக்கள் பெருந்திரளாகப் பங்கேற்க, இன்னொரு நாட்டு மக்கள் ஒதுங்கி நிற்பது ஏன்? இந்தக் கேள்விக்கு நம் நாக்கில் தயாராக இருக்கும் விடை மனத்தைப் பற்றியது. இன்ன நாட்டார் இரக்கமுள்ளவர்கள், இன்ன நாட்டார் தன்னலமிகள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்த விடையை நான் முழுமையாக மறுக்கிறேன். இரக்கம் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் விளைகிறது. அதை எடுத்துச் செல்லும் வாய்க்கால்தான் சில இடங்களில் வெட்டப்பட்டிருக்கிறது, சில இடங்களில் இல்லை. உள்நாட்டில், வேறு ஏதோ காரணத்துக்காக, அரசுக்குக் கட்டுப்படாமல் பல காலமாகக் கூடிப் பழகிய சங்கங்கள் இருக்கின்றனவா. தூரத்து அநியாயத்தின் ஏதோ ஒரு நுனி அந்தச் சங்கத்தாரின் கைக்கு எட்டுகிறதா. இந்த இரண்டும் சேரும் இடத்தில் சாதாரண மக்கள் எல்லை தாண்டுகிறார்கள்.

ஜப்பானையே இதற்குச் சாட்சியாக அழைக்கிறேன். 1954 மார்ச் 1 அன்று பிக்கினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் மீன் விற்பவர்களும், வாசிப்பு வட்டம் நடத்திவந்த இல்லத்தரசிகளும் அணுகுண்டை எதிர்த்துக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் நாடு முழுவதும் 3 கோடிக்கும் மேல் கையெழுத்துகள் சேர்ந்தன. இவர்களையா மனமில்லாதவர்கள் என்பது? கதிர்வீச்சு அவர்கள் சந்தைக்கு, சமையலறைக்கு மீன் வழியாக வந்தது. தெருவுக்குத் தெரு இருந்த அக்கம்பக்கச் சங்கங்கள் அதை ஏந்திக்கொண்டன. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு வந்தவை பெரும்பாலும் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் பிளாட்டினமும். இல்லத்தரசியின் கைக்கு அவை எட்டுபவை அல்ல. தெரு அளவில் செழித்த ஜப்பானியச் சங்கங்களுக்கு மேலே, நாடளாவிய கொள்கை அமைப்புகள் வளரச் சட்டமும் இடம் தரவில்லை. 1896-ஆம் ஆண்டின் குடிமையியல் சட்டப்படி, பொதுநல அமைப்பு ஒன்று சட்டத் தகுதி பெற உரிய அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். சட்டத் தகுதி இல்லையென்றால் அமைப்பின் பெயரில் அலுவலகம் வாடகைக்கு எடுப்பதும் வங்கிக் கணக்கு வைப்பதும்கூடச் சிக்கல். 1995-இல் கோபே நிலநடுக்கத்தில் தொண்டர்கள் ஆற்றிய பணியை நாடே கண்ட பிறகுதான், 1998-இல் அந்தக் கட்டு தளர்ந்தது. அதற்குள் நிறவெறி ஆட்சியே முடிந்துபோயிருந்தது.

இன்னும் பழைய சான்று ஒன்று இருக்கிறது. எல்லை கடந்த மக்கள் இயக்கங்களில் மூத்தது அடிமை வணிக எதிர்ப்பு. 1787-இல் லண்டனில் 12 பேர் கூடி அதற்கு ஒரு குழு அமைத்தார்கள். அவர்களில் 9 பேர் குவேக்கர் சபையினர். சில மாதங்களுக்குள் மான்செஸ்டர் என்ற ஒரே ஊரிலிருந்து 10,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு நாடாளுமன்றத்துக்கு மனு போனது. 1792-இல் 519 மனுக்கள், ஏறத்தாழ 3 லட்சத்து 90 ஆயிரம் கையெழுத்துகள். அடிமைகள் விளைவித்த சர்க்கரையை லட்சக்கணக்கானோர் தேநீரில் போடுவதை நிறுத்தினார்கள். 1833-இல் பெண்கள் மட்டும் கையெழுத்திட்ட ஒரு மனு நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 1 லட்சத்து 87 ஆயிரம் பெயர்கள். தாள்களை ஒன்றோடொன்று தைத்து ஒட்டிச் சுருட்டிய அந்த மனுவின் நீளம் அரை மைல். அதை உள்ளே கொண்டுபோக நான்கு உறுப்பினர்கள் தேவைப்பட்டார்கள். வாக்குரிமையே இல்லாத பெண்கள், ஒருநாளும் பார்க்கப்போகாத மேற்கிந்தியத் தீவுப் பெண்களுக்காக வீடு வீடாகப் போய்த் திரட்டிய பெயர்கள் அவை.

ஆங்கிலக் கால்வாயின் மறு கரையில் பிரான்ஸ். மனித உரிமைப் பிரகடனம் பிறந்த மண். காண்டர்செ, மிராபோ, லாஃபாயெட் போன்ற பேரறிஞர்களும் பெருந்தலைவர்களும் உறுப்பினர்களாக இருந்த 'கறுப்பர்களின் நண்பர்கள் சங்கம்' 1788-இல் அங்கே தொடங்கியது. ஆனால் அது வரவேற்பறையைத் தாண்டித் தெருவுக்கு வரவில்லை. அடிமைமுறையைப் பிரெஞ்சுக் குடியரசு 1794-இல் ஒழித்தது என்றால் அதற்கு முதற்காரணம் இன்றைய ஹைட்டியான செயின்ட் டொமிங்கில் அடிமைகளே நடத்திய புரட்சி. நெப்போலியன் 1802-இல் அதை மீண்டும் கொண்டுவந்தபோது பாரிஸில் மனு கொடுக்கக் கூட்டமில்லை. 1840களில்கூடப் பிரெஞ்சு மனுக்களின் கையெழுத்துகள் பிரிட்டனின் லட்சங்களுக்கு அருகில் வரவில்லை. சிந்தனையில் குறையில்லை, கூடுவதற்குத்தான் வழியில்லை. 1810-ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம், 291-ஆம் பிரிவு, 20 பேருக்கு மேல் உள்ள எந்தச் சங்கமும் அரசு அனுமதியின்றி இயங்கக் கூடாது என்றது. பிரான்சில் சங்கம் அமைக்கும் முழு உரிமை 1901-இல்தான் கிடைத்தது. பிரிட்டனிலோ குவேக்கர், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்று அரசுத் திருச்சபைக்கு வெளியே வளர்ந்த சபைகள் ஊருக்கு ஊர் இருந்தன. மனு எழுதுவது பழைய வழக்கம். மாவட்டப் பத்திரிகைகள் பெருகியிருந்தன. அடிமை எதிர்ப்புக்காக யாரும் புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. கட்டி வைத்திருந்ததைப் பயன்படுத்தினார்கள்.

இங்கே முதல் மறுப்பு எழும்: இதெல்லாம் பணக்கார நாடுகளின் கதைதானே, வயிறு நிறைந்தவன்தான் அடுத்த நாட்டைப் பற்றிக் கவலைப்படுவான். இதில் ஓரளவு உண்மை உண்டு. பன்னாட்டு இயக்கங்களின் தலைமையகங்கள் லண்டனிலும் ஜெனீவாவிலும் பிரஸ்ஸல்ஸிலும் குவிந்திருப்பதற்கும், மாநாட்டு மேடைகளில் பணக்கார நாட்டார் நிறைந்திருப்பதற்கும் விமானக் கட்டணமும் விசாவும் பெரிய காரணங்கள். ஆனால் பணமே விதியென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நெதர்லாந்து எங்கே போனது? செல்வமும் எழுத்தறிவும் புராட்டஸ்டண்ட் சபைகளும் இருந்த அந்த நாட்டில் அடிமை எதிர்ப்பு மக்கள் இயக்கமாகவே ஆகவில்லை. 1863 வரை காத்திருந்து அரசு மேலிருந்து சட்டம் போட்டது. நம் காலத்துக்கு வந்தால், ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரிய ஜூபிலி 2000 இயக்கம் உலகெங்கும் 2 கோடி 40 லட்சம் கையெழுத்துகளைத் திரட்டியது. பெரு என்ற தென்னமெரிக்க நாடு, அன்று வறுமையிலும் வன்முறையிலும் அடிபட்டிருந்த நாடு, மட்டும் 18 லட்சத்துக்கும் மேல் கொடுத்தது. காரணம் பெருவின் கத்தோலிக்கப் பங்குகள். விடுதலை இறையியல் வேரூன்றிய மண் அது. ஆண்டியஸ் மலைக் கிராமங்களிலும் லிமாவின் குடிசைப் பகுதிகளிலும் பொதுச் சமையற்கூடம் நடத்திய பெண்கள் சங்கங்கள் ஏற்கெனவே இருந்தன; கடன் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மனம் வேறு, பங்கேற்பு வேறு என்பதற்கு 2003 பிப்ரவரி 15 பெரிய சான்று. ஈராக் போருக்கு எதிராக அன்று உலகின் பல நூறு நகரங்களில் மக்கள் திரண்டார்கள். எல்லாவற்றிலும் பெரிது ரோம்; மத்ரீத், பார்சிலோனா, லண்டன் ஆகிய நகரங்களும் மிகப் பெரிய கூட்டத்தைக் கண்டன. அந்த வாரங்களில் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளில் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலும் பெரும்பான்மை மக்கள் போரை எதிர்த்தார்கள். அவர்கள் அரசுகளோ அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு ஆதரவாகக் கடிதம் வெளியிட்டிருந்தன. கோபத்துக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் வார்சாவிலும் புடாபெஸ்டிலும் திரண்ட கூட்டங்கள் ரோமின் முன்னால் மிகச் சிறியவை. நாற்பது ஆண்டுகள் கம்யூனிச அரசு மக்களைக் கட்டாயமாகச் சங்கங்களில் சேர்த்து, மே தினத்துக்கு வரிசையில் நிறுத்தி, 'உலகச் சமாதானம்' என்று கோஷம் போட வைத்திருந்தது. சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே விலகும் பழக்கம் அங்கே படிந்துபோனதை மார்க் மோர்ஷே ஹோவர்ட் என்ற அரசியல் ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். இத்தாலியில் நிலைமை நேர்மாறு. பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பும் கத்தோலிக்கச் சமாதானக் குழுக்களும் மாணவர் அமைப்புகளும் அங்கே ஒருவரையொருவர் நன்கு அறிந்தவை. 2001-இல் ஜெனோவாவில் ஜி-8 மாநாட்டை எதிர்த்த போராட்டத்தில் ஒன்றாக அடிபட்டவர்கள். 2002 நவம்பரில் ஃபிளாரன்ஸில் கூடிய ஐரோப்பியச் சமூக மன்றத்தில்தான் பிப்ரவரி 15-க்கான அழைப்பே உருவானது. வாரக்கணக்கில் வீட்டு பால்கனிகளில் வானவில் நிறச் சமாதானக் கொடிகள் தொங்கின. அன்று ரோமில் நடந்தவர்கள் பலருக்கு அது முதல் ஊர்வலமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர்களை அழைத்தவர்களுக்கு அது நூறாவது.

நம் இனத்தின் அனுபவமே இந்த வாதத்துக்குத் தெளிவான ஒரு சோதனையாக அமைந்துவிட்டது. இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. 2009-இன் முதல் ஐந்து மாதங்களில் இலங்கையின் வன்னியில் நம் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது, அந்தத் துயரம் உலகின் எல்லா மூலைகளிலும் இருந்த தமிழர் வீடுகளுக்குள் ஒரே நேரத்தில், ஒரே படங்களாக வந்து சேர்ந்தது. மொழி ஒன்று, உறவு ஒன்று, துயரம் ஒன்று. லண்டனில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஏப்ரலில் தொடங்கிய மறியல் இரண்டு மாதத்துக்கும் மேல் நீடித்தது. டொராண்டோவில் மே 10 அன்று ஆயிரக்கணக்கானோர் கைக்குழந்தைகளோடு கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். அதே நாட்களில் வளைகுடா நாடுகளில் லட்சக்கணக்கான தமிழர்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தெருவில் ஒரு சத்தமும் எழவில்லை. தொழிலாளர் விடுதிக் கட்டில்களில் அதே செய்தியைப் பார்த்து அழுதவர்கள் டொராண்டோவில் இருந்தவர்களைவிடக் குறைந்த தமிழர்களா? சங்கம் வைக்கவும் ஊர்வலம் போகவும் உரிமையில்லாத, முதலாளியின் ஒரு சொல்லில் விசா பறிபோகும் நாடுகள் அவை. கனடாவிலோ ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், தமிழ்ப் பள்ளி, தமிழ் வானொலி என்று இருபது ஆண்டுகளில் ஒரு சமூகமே கட்டப்பட்டிருந்தது; டொராண்டோவின் ஸ்கார்பரோவில் அவர்கள் வாக்குக்கு மதிப்பிருந்தது. விடுதலைப் புலிகளின் செல்வாக்குக்கு உட்பட்ட அமைப்புகளும் அந்தப் போராட்டங்களில் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதைக் காட்டி அந்தக் கூட்டத்தின் கண்ணீரைப் போலியாக்குவது அநீதி.

இனி இந்தியா. நிறவெறி எதிர்ப்பில் நம் நாட்டின் பங்கு பெருமைக்குரியது. தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை 1946-இலேயே, விடுதலைக்கும் முன்பே, முறித்த முதல் நாடு இந்தியா. 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதற்காக விளையாட மறுத்துக் கோப்பையையே விட்டுக்கொடுத்தோம். இருந்தும் டப்ளின், லண்டன், ஸ்டாக்ஹோம் நகரங்களில் எழுந்ததுபோல ஒரு மக்கள் புறக்கணிப்பு இயக்கம் இங்கே எழவில்லை. சென்னையில் ஒரு கடைக்காரர் விற்க மறுக்க, ஒரு வாடிக்கையாளர் வாங்க மறுக்க அவுட்ஸ்பான் பழமே இங்கு வரவில்லை. அரசு வாசலிலேயே கதவை அடைத்துவிட்டதால் குடிமக்கள் கைக்கு எந்த நுனியும் எட்டவில்லை. அரசே செய்துவிட்டால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று இதைப் பொதுவிதியாக்கவும் முடியாது. சுவீடன் அரசு 1973 முதல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு நேரடியாகப் பண உதவி செய்தது, ஆனால் எஸ்.கே.எஃப். போன்ற சுவீடிஷ் நிறுவனங்கள் தென்னாப்பிரிக்காவில் ஆலை நடத்திவந்தன. ஆகவே அங்கே தொழிற்சங்கம், மிஷன் சபை, மாணவர் அமைப்பு எல்லாவற்றுக்கும் அழுத்திப் பிடிக்க ஓர் இடம் மிஞ்சியிருந்தது. 1979-இல் புதிய முதலீட்டுக்குத் தடை, 1987-இல் வணிகத் தடை என்று தங்கள் நட்பு அரசையே படிப்படியாக இழுத்துச் சென்றார்கள்.

இன்றைய இளைஞர்கள் கேட்கக்கூடிய மறுப்பு ஒன்று: இணையம் வந்த பிறகுமா இந்தச் சங்கக் கதை? ஒரே காணொளியைச் சென்னையும் பெர்லினும் ஒரே நொடியில் பார்க்கிறது. உண்மை. 2019 செப்டம்பர் 20 அன்று நடந்த காலநிலை வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு எல்லா நாட்டுக் கைபேசிக்கும் வந்தது. ஜெர்மனியில் மட்டும் 14 லட்சம் பேர் வந்ததாக அமைப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். வெப்பமும் வெள்ளமும் வறட்சியும் ஜெர்மனியைவிடக் கடுமையாகத் தாக்கும் இந்தியாவில், மாநகரங்களில் சில ஆயிரம் மாணவர்கள். கைபேசி இருவருக்கும் ஒன்று. ஜெர்மன் மாணவனுக்குப் பின்னால் அணு எதிர்ப்பு இயக்கத்திலிருந்து வந்த ஐம்பது ஆண்டு அமைப்புகள் நின்றன. 2020 ஜூலையில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எதிர்த்து அமைச்சருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னதற்காக, இந்திய மாணவர்களின் காலநிலை இணையதளத்துக்குத் தில்லி காவல்துறை பயங்கரவாதத் தடுப்புச் சட்டப் பிரிவைச் சுட்டி அறிவிப்பு அனுப்பியது. பிறகு அது தவறாகப் போய்விட்டது என்று திரும்பப் பெற்றார்கள். அந்த அறிவிப்பைப் படித்த பெற்றோர் மனத்திலிருந்து அதைத் திரும்பப் பெற முடியுமா?

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. அடக்குமுறை மிகுந்த நாடுகளுக்குத்தான் வெளியுலக உதவி அதிகம் தேவை. சங்கம் இல்லாத இடத்தில் எல்லை கடந்த செயல்பாடே இல்லை என்றால் நைஜீரியாவின் ஒகோனி மக்கள் எப்படி உலகை எட்டினார்கள்? மார்கரெட் கெக், கேத்ரின் சிக்கிங்க் இருவரும் 1998-இல் எழுதிய நூல் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. சொந்த அரசு காது கொடுக்காதபோது, உள்ளூரார் வெளிநாட்டு நண்பர்களை அழைக்கிறார்கள். அவர்கள் தங்கள் அரசையோ உலக வங்கியையோ அசைத்து, அழுத்தம் சுற்றிவந்து சொந்த அரசின் மேல் விழுகிறது. இதை ஏற்கிறேன். ஆனால் அழைக்கவும் ஓர் அமைப்பு வேண்டும். ஒகோனி எழுத்தாளர் கென் சாரோ விவா தனியொருவராக ஷெல் எண்ணெய் நிறுவனத்தை உலகத்தின் முன் நிறுத்தவில்லை. 1990-இல் ஒகோனி மக்கள் இயக்கம் உருவாகி, 1993 ஜனவரி 4 அன்று பெருந்திரளாக ஊர்வலம் போன பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்கு அவரும் இன்னும் எட்டுப் பேரும் 1995 நவம்பர் 10 அன்று தூக்கில் விலை கொடுத்தார்கள். இங்கே எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒகோனி நிலத்தை ரோம் நகரோடு ஒப்பிடுவது பெரிய பிழை. ஓரிடத்தில் சனிக்கிழமை நடை, இன்னோரிடத்தில் உயிர்.

நர்மதை இந்தச் சுற்றுப்பாதையின் பலத்தையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது. சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985-இல் 45 கோடி டாலர் கடன் தந்தது. பள்ளத்தாக்கில் கிராமம் கிராமமாகத் திரண்ட அமைப்பும் வாஷிங்டனின் சுற்றுச்சூழல் அமைப்புகளும் கைகோத்ததில், வங்கி தன் வரலாற்றில் முதல்முறையாகச் சுதந்திரமான ஓர் ஆய்வுக்குழுவை அமைத்தது. 1992-இல் அந்தக் குழு திட்டத்தைக் கடுமையாகக் குறை கூறியது. 1993 மார்ச்சில் இந்திய அரசே மீதிக் கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கடன் போனதோடு வெளிநாட்டு நண்பர்களின் கையிலிருந்த நுனியும் போனது. அணை உள்நாட்டுப் பணத்தில் எழுந்தது. நர்மதைக்காரர்கள் தோற்ற இடத்தில் வேறு ஒருவர் பயனடைந்தார்: அந்தப் போராட்டத்தின் விளைவாக வங்கி 1993-இல் ஏற்படுத்திய மேற்பார்வைக் குழுவிடம் நேபாளத்தின் அருண் அணை பற்றி முதல் முறையீடு போனது, 1995-இல் வங்கி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

இதையெல்லாம் அரசுகளும் கூர்ந்து கவனித்திருக்கின்றன. மனத்தை மாற்றுவது கடினம், வாய்க்காலை அடைப்பது எளிது என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. தம் நிதியில் 10 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் அமைப்புகள் மனித உரிமை பற்றிப் பேசக் கூடாது என்று எத்தியோப்பியா 2009-இல் சட்டம் போட்டது. பத்தாண்டு கழித்துத்தான் அதை நீக்கியது. 2012-இல் ரஷ்யா 'அந்நிய முகவர்' முத்திரை குத்தத் தொடங்கியது. இந்தியாவின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் பிறந்தது, 2010-இல் புதுப்பிக்கப்பட்டது. அதன் 2020 திருத்தம், ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்போடு பகிர்வதையே தடை செய்தது. தலைநகரில் அலுவலகமும் கணக்காளரும் வைத்திருக்கும் பெரிய அமைப்பு தாக்குப்பிடிக்கும். அதனிடம் சிறு தொகை பெற்று மாவட்டத்தில் வேலை செய்த சங்கங்கள்தான் வறண்டன. கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டத்தின்போது, 2012 பிப்ரவரியில், அன்றைய பிரதமரே ஓர் அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில் அமெரிக்க, ஸ்காண்டிநேவிய அமைப்புகளைக் குறை சொன்னார். இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் மீனவப் பெண்கள். அவர்களை அங்கே கூட்டியது கடலோர ஊர்களின் பங்கும் ஊர்க் கமிட்டியும். வெளிநாட்டுத் தொடர்பு என்ற ஒரு சொல்லை வீசி அந்த ஊர்க் கமிட்டியின் நியாயத்தைக் கேட்காமலேயே தள்ளிவிட முடிந்தது. மற்ற நாடுகளில் போராட்டத்துக்குப் பலம் தருவது எதுவோ அதுவே இங்கே பழியாகிறது. நம் மக்கள் எல்லை தாண்டத் தயங்குவதற்கு இந்தப் பழியச்சமும் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் நீதிமன்றமும் தேர்தலும் இன்னும் முழுதாக மூடப்படவில்லை என்பது. உள்ளே தட்டக் கதவிருப்பவர்கள் வெளியே ஓடுவதில்லை.

தமிழ்நாட்டில் அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். ஆலையில் பெண்கள் அனுபவித்த தொல்லைகள் அதன் பிறகே வெளியே பேசப்பட்டன. அந்த ஆலை எச் அண்ட் எம் போன்ற உலக நிறுவனங்களுக்குத் துணி தைத்தது. சட்டையின் கழுத்துப் பட்டையில் தைக்கப்படும் அந்தப் பெயர்தான் இங்கே கைக்கு எட்டிய நுனி. கொல்லப்பட்ட பெண், தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்களே தலைமை தாங்கும் சங்கத்தின் உறுப்பினர். ஆசியத் தளக்கூலிக் கூட்டணியும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் அந்தச் சங்கத்தோடு சேர்ந்தன. 2022 ஏப்ரலில் ஆலையை நடத்தும் நிறுவனமும் எச் அண்ட் எம்மும் கையெழுத்திட்ட திண்டுக்கல் உடன்படிக்கை உருவானது. பாலியல் தொல்லையைத் தடுக்கும் பொறுப்பை ஆலைத் தளத்தில் தொழிலாளர்களே ஏற்கும் ஏற்பாடு அதில் உண்டு. மீறினால் வணிகமே பாதிக்கும். அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆலையின் துணிகளைத் துறைமுகத்தில் நிறுத்தியது. உடன்படிக்கை நடைமுறையில் இருப்பதைக் கண்டு செப்டம்பரில் தடையை விலக்கியது. அதே மாவட்டத்தில், அதே உலக நிறுவனங்களுக்குத் துணி தைத்துக்கொண்டு, சங்கம் என்ற ஒன்றே இல்லாத ஆலைகளும் நூற்பாலைகளும் இன்னும் இருக்கின்றன. அங்கே வேலை செய்யும் பெண்களின் பெயரில் ஸ்டாக்ஹோமிலோ நியூயார்க்கிலோ எந்தக் கடை வாசலிலும் யாரும் நிற்கவில்லை.